ஏழு மணி ஜெபமும் ஏழே முக்கால் ரயிலும்

எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது வாக்கில் நடந்தது இது. அப்போது அஸ்தினாபுரத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். நானும் கணவரும், ஒன்பது வயதில் மகன், ஆறு வயதில் மகள். கணவருக்கு பீச் ஸ்டேஷன் பக்கம் ஆபீஸ். குரோம்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் போய் வருவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையில் போதகர், வீட்டில் தினமும் குடும்ப ஜெபம் நடத்துகிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். நடத்தாமலேயே முதலில் தூக்கிய கை என்னுடையது. தூக்கிவிட்ட பிறகு நடத்தித்தானே ஆக வேண்டும்? மறுநாளிலிருந்து மாலை ஏழு மணிக்குப் பாய் விரித்தேன். ஒரு பாட்டு, பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் வாசிப்பு, கடைசியில் என் ஜெபம். அது கொஞ்சம் நீளம். ஊர், உலகம், நோயாளிகள் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு கணவரிடம் வந்து நிற்பேன். ஆலயத்துக்கு வராமல் கிரிக்கெட் பார்ப்பது, இலாகா பரீட்சையில் இரண்டு தடவை தவறியது, என் அண்ணனிடம் முகம் கொடுத்துப் பேசாதது என்று ஒன்று விடாமல் ஆண்டவரிடம் ஒப்புவிப்பேன்.

மூன்று மாதம் ஒழுங்காக உட்கார்ந்தார். அப்புறம் ஏழே முக்காலுக்குத்தான் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. விசாரித்தால் 'ட்ரெயின் லேட்' என்பார். நம்பிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அதே ஆபீஸில் வேலை பார்க்கும் பக்கத்துத் தெருக்காரர் ஆறரைக்கே வீட்டில் காபி குடிப்பதாக அவர் மனைவி ஒரு நாள் சொன்னாள். ஒரே ரயில் இவருக்கு மட்டும் எப்படி லேட்டாகும்?

அன்றிலிருந்து சட்டையை மோந்து பார்த்துவிட்டுத்தான் துவைப்பேன். பையில் வேர்க்கடலைத் தோல் இருந்தது. யாரோடு உட்கார்ந்து கொறித்தார்? அவர் சிரித்தால் சந்தேகம், சிரிக்காவிட்டால் அதைவிடச் சந்தேகம். மாலை ஜெபத்தில், "ஆண்டவரே, இந்த வீட்டில் மறைவாக நடப்பதை வெளிச்சத்துக்குக் கொண்டு வாரும்" என்று பிள்ளைகளை வைத்துக்கொண்டே கேட்டேன்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, ஆறு மணிக்கே ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். பிளாட்பாரக் கோடியில் கடலை விற்கும் அம்மாவுக்குப் பின்னால் தூண் மறைவில் நின்றேன். ஆறு பத்து ரயிலில் இவரும் பக்கத்துத் தெருக்காரரும் சேர்ந்தேதான் இறங்கினார்கள். பக்கத்துத் தெருக்காரர் விறுவிறுவென்று போய்விட்டார். என் கணவர் கடலை வாங்கிக்கொண்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்.

ஆக, அவள் அடுத்த ரயிலில் வருவாள்! ரயில் வரும்போதெல்லாம் இறங்கும் பெண்களை ஒவ்வொருத்தியாக எடை போட்டேன். எவளும் அவர் பக்கம் திரும்பவில்லை. மணி ஏழே கால் ஆனது. மெதுவாகக் கடலைக்கார அம்மாவிடம், "அவர் யாருக்காகக் காத்திருக்கார்?" என்று கேட்டேன்.

"யாரும் வர்றதில்லமா. தெனிக்கும் இங்கதான் தனியா குந்திகினு கீறாரு. பாவம், வூட்ல யாரும் இல்ல போல."

எனக்குச் சுருக்கென்றது. நேரே போய் அவர் முன்னால் நின்றேன். திடுக்கிட்டார். பிறகு பக்கத்திலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எனக்கு இடம் விட்டார்.

"எதுக்குங்க இங்க உக்காந்திருக்கீங்க?"

"ஜெபம் முடியட்டும்னுதான்."

"ஜெபம் பண்ண அவ்வளவு கசக்குதா?"

"ஜெபம் கசக்கல. என்கிட்ட சொல்ல வேண்டியத எல்லாம் நீ ஆண்டவர்கிட்ட சொல்ற. சண்டைன்னா நானும் பதில் பேசலாம். ஜெபத்துல குறுக்க பேச முடியுமா? பசங்க வேற கண்ண மூடிட்டு கேக்குதுங்க. அன்னிக்கு சின்னது, 'அப்பாவுக்கு நல்ல புத்தி குடுங்க சாமி'ன்னு ஜெபம் பண்ணுச்சே, அதுக்கு நான் என்ன சொல்றது? ஆமென்தான் சொன்னேன்."

எனக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. குழந்தை எவ்வளவு அழகாக ஜெபிக்கிறாள் என்று நான்தான் அவளைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தேன். வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது. ரயில் ஒன்று வந்து போனதும் இருவரும் எழுந்து நடந்தோம்.

வீட்டுக்கு வந்து பாய் விரித்தோம். கண்ணை மூடி "ஆண்டவரே" என்றேன். அடுத்த வார்த்தை வரவில்லை. வாயில் வந்ததெல்லாம் கணவருக்குக் கேட்கட்டும் என்று வந்தவைதான். அவரையே ஜெபிக்கச் சொன்னேன். நாலே வரியில் முடித்தார். அதில் ஒரு வரி, என் முழங்கால் வலி குணமாக வேண்டும் என்பது. எத்தனை நாளாக அவர் அதைக் கவனித்துக்கொண்டிருந்தாரோ, எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு அவர் ஆறரைக்கு வீடு வந்தார். நானும் அவரைச் சந்தேகப்பட்டதில்லை. இத்தனை வருடங்களில் எனக்குச் சந்தேகம் தீராத ஆள் ஒருத்திதான்: கண்ணை மூடிக்கொண்டு 'ஆண்டவரே' என்று ஆரம்பிக்கிறாளே, அவள்.