அம்மை கண்ட கௌதாரி

கல்வராயன் மலையில் பறவைகளுக்கு அம்மை பரவியிருந்த சமயம். கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாப்பில் ஒருவர் கண்ணி வைத்துப் பிடித்த கௌதாரிகளை விற்றுக்கொண்டிருந்தார். நெற்றி நிறையக் குங்குமம். கட்டைவிரலில் நீள நகம். கௌதாரிகளின் கண்ணைச் சுற்றியும் காலிலும் மரு மருவாகப் புண். ஒவ்வொன்றையும் தூக்கி, முதலில் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொள்வார். பிறகு அந்த நகத்தால் புண்ணின் பொருக்கைச் சுரண்டி, லுங்கியில் துடைப்பார். 

"இது வைரஸ் நோயாச்சேங்க. விக்கலாமா?"

"வைரஸ் இன்னா வைரஸ்? ஆத்தா வந்து குந்திக்கினு இருக்காங்க."

"அப்ப உங்க வூட்டுல சாப்புடுவீங்களா?"

பதறிவிட்டார். "ஐயையோ! ஆத்தா குந்தின ஒடம்ப நாங்க திங்கலாமா? குத்தம் ஆயிடுங்க!"

"நாங்க மட்டும் திங்கலாமா?"

சுரண்டிய இடத்தில் குழைத்த மஞ்சளை அப்பினார். புண் இருந்த இடமே தெரியவில்லை.

"மஞ்சதானுங்க. ஆத்தாவுக்கும் ஆச்சு, கறிக்கும் ஆச்சு."

அதற்குள் ஒருவர் வந்து ஒரு ஜோடி வாங்கிப் போனார்.

அந்தப் பக்தி நடிப்பு என்றால் அன்றே காறித் துப்பிவிட்டு மறந்திருப்பேன். ஆனால் வாங்க ஆளில்லாதபோதும் அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் இருந்தார். இன்றும் வீட்டில் கறிக்கு மஞ்சள் தடவினால், எனக்கு அந்த நகம்தான் தெரிகிறது.