மரியசெல்வி மலைக்குக் கொண்டுபோன குடில்கள்

மரியசெல்விக்கு வயது ஐம்பத்திரண்டு. இத்தனை வருடத்தில் அவள் தூத்துக்குடியைத் தாண்டிப் போனது வேளாங்கண்ணி நேர்ச்சைக்கும் சொந்தக்காரர் வீட்டு நல்லது கெட்டதுக்கும்தான். சும்மா ஓர் ஊருக்குப் போய், இரண்டு நாள் இருந்து, நாலு இடத்தைப் பார்த்துவிட்டு வருவது என்பது அவளுக்கு வாய்க்கவே இல்லை.

அவள் புருஷன் ஆன்டனி கதையே வேறு. மாலத்தீவுக்குக் காய்கறியும் செங்கல்லும் ஏற்றிப்போகும் தோணியில் அவர் தண்டல். தோணிக்காரர் பேச்சில் தண்டல் என்றால் கேப்டன். மாலி, கொழும்பு, கொச்சி என்று எல்லாக் கரையும் பார்த்தவர். ஒவ்வொரு தடவையும் வந்து கதை கதையாகச் சொல்லுவார். அவள் மீன் ஆய்ந்துகொண்டே கேட்பாள். பொறாமை இல்லை என்று சொன்னால் பொய். இருந்தது, நிறையவே இருந்தது.

அவர் கடலில் இருக்கும் மாதங்களில் அவள் கிறிஸ்துமஸுக்கு வைக்கும் சிப்பிக் குடில் செய்தாள். சிப்பியைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, பல் தேய்த்துத் தூரப்போட வேண்டிய பிரஷ்ஷால் ஓரம் ஓரமாகத் தேய்த்து, மாடியில் காயவைப்பாள். தட்டைச் சிப்பி கூரைக்கு. நீளச் சங்கு மாதாவுக்கும் சூசையப்பருக்கும். ஆட்டுக்குச் சின்னச் சோழி. பாலன் இயேசுவுக்கு மட்டும் தனியாகத் தேடுவாள். உடம்புக்கு மாசு மருவில்லாத ஒரு வெள்ளைச் சோழி, தலைக்கு மிளகு அளவில் ஓர் உருண்டைச் சிப்பி. ஒரு பாலனுக்கு அரைநாள் போய்விடும். தெருவில் கிறிஸ்துமஸுக்கு அவள் குடில் இல்லாத வீடு குறைவு.

கொடைக்கானலில் பத்துப் பன்னிரண்டு அறை வைத்து விடுதி நடத்தும் ரேச்சல் தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத் ஊர்க்காரி. ஒரு கல்யாணத்துக்குத் தூத்துக்குடி வந்தவள், யார் வீட்டிலோ ஒரு குடிலைப் பார்த்துவிட்டு, செய்த கையைத் தேடி வந்துவிட்டாள்.

"அக்கா, டிசம்பர் ரெண்டாவது சனி ஞாயிறு எங்க விடுதிக்கு வாங்க. எட்டுக் குடும்பம் வாராங்க. கூரையை அவங்க கையால ஒட்டட்டும், நீங்க சொல்லிக் குடுங்க. பொம்மையெல்லாம் செஞ்சு கொண்டாந்துருங்க. நல்லா அமைஞ்சா இனிமே ஒவ்வொரு சீசனுக்கும் உங்களைத்தான் கூப்பிடுவேன்."

மரியசெல்விக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு சீசனுக்கும் என்றால் வருடா வருடம் ஒரு பயணம். அவளுக்கென்று, அவள் வேலைக்காக, ஒரு பயணம். இது மட்டும் கைகூட வேண்டும் என்று பனிமய மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினாள். நேர்ச்சைக்கு இல்லாத பயணத்துக்காகவும் ஒரு நேர்ச்சை வைத்தாயிற்று.

அந்த வருடம் தோணியின் அடிப்பலகை மாற்ற வேண்டியிருந்ததால் ஆன்டனி கரையில் இருந்தார். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள். சரக்கு அடுக்கிய கையும் அப்படித்தான். "ஏளா, நீ கட்டுனா மதுரை தாண்டாது. தள்ளு, நான் கட்டுதேன்" என்று அட்டைப்பெட்டிகளைப் பிடுங்கிக்கொண்டார். அவள் துணிமணி எடுத்துவைக்கப் போனாள். வைக்கோல் பரப்பி, பழைய சேலை சுற்றி, ஆட்டினாலும் அசையாதபடி கூரை ஒட்டாத எட்டுக் குடிலையும் அவர் கட்டிய அழகைப் பார்த்து அவளே மெச்சிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியுமாக மலை ஏறினார்கள். குளிர் என்றால் இதுதானா என்று ஆகிவிட்டது மரியசெல்விக்கு. வாயைத் திறந்தால் புகை வந்தது. அவள் வேண்டுமென்றே இரண்டு மூன்று தடவை ஊதிப் பார்த்தாள். சனிக்கிழமை விடிந்ததும் சேலைக்கு மேல் வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் ஜெர்லின் வாங்கிக்கொடுத்த ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய், பேரிக்காய் மரத்தடியில் பனிமூட்டம் நகர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். புயலுக்கெல்லாம் சுக்கான் பிடித்த ஆன்டனியோ இரண்டு கம்பளிக்குள் சுருண்டு கிடந்தார். "மாலியில இப்படி எல்லாம் கிடையாது கேட்டியா" என்று உள்ளேயிருந்து முனகல் மட்டும் வந்தது. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பத்து மணிக்கு விருந்தாளிகள் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். ரேச்சல் முதல் பெட்டியைப் பிரித்தாள். மாதா, சூசையப்பர், ஆடு, மாடு எல்லாம் ஒரு கீறலில்லாமல் வந்திருந்தன. பாலனைக் கிடத்தும் தீவனத்தொட்டி மட்டும் காலி. இரண்டாவது பெட்டியிலும் காலி. எட்டாவது பெட்டி வரைக்கும் காலி.

"அக்கா, பாலன் எங்க?" என்றாள் ரேச்சல்.

மரியசெல்வி எட்டுப் பெட்டியிலும் கைவிட்டுத் துழாவினாள். ஒவ்வொரு தொட்டியிலும் மெல்லிய காகிதத்தில் சுற்றி அவளே வைத்திருந்தாள். அவள் ஆன்டனியைப் பார்த்தாள்.

"இருபத்திநாலுக்கு இன்னும் நாள் கிடக்குல்லா?" என்றார் அவர், நிதானமாக. "அவசரத்துல நீ இப்பமே வச்சுட்டன்னு நினைச்சேன். எட்டையும் எடுத்து பத்திரமா நம்ம பீரோவுல வச்சிருக்கேன்."

அவர்கள் தெருவில் பாலனை முன்கூட்டி வைக்கிற வழக்கமே கிடையாது. கிறிஸ்துமஸ் ராத்திரிப் பூசை முடிந்து வந்துதான் வைப்பார்கள். அதுவரை பாலன் பீரோவில், நல்ல சேலைகளுக்கு நடுவில் இருப்பார். அதற்கு முன் வைத்தால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். ஊரில் இது சரி. காசு கட்டி இரண்டு நாள் தங்க வந்தவர்களிடம் போய் இதைச் சொல்ல முடியுமா? ரேச்சல் வீட்டில் அந்த வழக்கமும் இல்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

மரியசெல்வி அவரை வராந்தாவுக்கு இழுத்துப்போனாள். "உங்க தோணியில நான் வந்து என்னைக்காவது கை வச்சிருக்கனா? ஒரு தரம், எனக்குன்னு ஒரே ஒரு தரம் வந்துது. அதையும் கெடுத்துட்டிய." சத்தம் போடவில்லை. ஆனால் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆன்டனி தோட்டத்துப் பக்கம் இறங்கிப் போய்விட்டார்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குத் திரும்பினாள். இருபது பேருக்கு முன்னால் நின்று பேசி அவளுக்குப் பழக்கமில்லை. பொய் சொல்லவும் வரவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடியே சொன்னாள். வழக்கத்தைச் சொன்னாள், பீரோவைச் சொன்னாள், பெட்டி கட்டிய மனுசனையும் சொன்னாள். இரண்டு பேர் சிரித்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஓர் அம்மாள் சிரிக்கவில்லை.

"அப்ப அதுவரைக்கும் தொட்டியில ஒண்ணுமே இருக்காதா?" என்று கேட்டாள் அந்த அம்மாள்.

"வைக்கோல் இருக்கும்மா," என்றாள் மரியசெல்வி. "வீட்ல யாராவது ஒரு நல்ல காரியம் செஞ்சா, அன்னைக்கு ஒரு துரும்பு எடுத்துப் போடணும். பாலன் வரும்போது முதுகு உறுத்தாம மெத்தையா இருக்கணும்லா. எங்க வீட்ல சின்னப்பிள்ளையா இருக்கையில என் மக சண்டை போட்டுட்டு, ராசியானா ஒரு துரும்பு போடுவா. அவளாலேயே பாதி நிறைஞ்சிரும்."

இப்போது எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மாள் தன் புருஷனைத் திரும்பிப் பார்த்து, "நம்ம தொட்டி நிறையுமா?" என்றாள். "முயற்சி பண்ணுவோம்" என்றார் அவர். பிறகு கூரை ஒட்டுகிற வேலை ஆரம்பித்தது. ஒரு சிப்பியின் விளிம்பு அடுத்த சிப்பியின் மேல் ஏறுகிறபடி ஓடு வேய்வதை அவள் காட்டிக்கொடுத்தாள். பசை விரலில் ஒட்டியவர்கள், கோணலாக ஒட்டியவர்கள், கோணலே அழகு என்று வாதாடியவர்கள் என்று கூடம் கலகலத்தது. மதியம் துரும்பு பொறுக்க எல்லாரும் தோட்டத்துக்கு இறங்கினால், அங்கே மரத்தடியில் ஆன்டனி காய்ந்த புல்லை ஈரம் பார்த்துப் பிரித்து எட்டுக் கட்டாகக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குளிரில் மூக்கு சிவந்திருந்தது. பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது மரியசெல்விக்கு. அவள் ஸ்வெட்டரைக் கழற்றி அவரிடம் கொடுத்தாள். முகத்தைப் பார்க்காமல்தான் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை புறப்படும் நேரத்தில் ரேச்சல் வந்தாள். "அக்கா, மூணு குடும்பம் கிறிஸ்துமஸுக்குத் திரும்பி வாராங்களாம். நீங்க பாலனைக் கொண்டாந்து வைக்கணும்னு கேக்காங்க. மத்த அஞ்சு பேருக்கும் பார்சல்ல அனுப்பிருவோம். இருபத்திநாலு காலையில வந்துருதியளா?"

மரியசெல்விக்கு நெஞ்சு குதித்தது. உடனே அடங்கியும் போயிற்று. "அன்னைக்கு எப்படிம்மா? வீட்ல பாலனை வைக்கணுமே. கல்யாணமாகி இருபத்தேழு வருசமா நான்தான் வைக்கேன். பூட்டுன வீடா போட்டுட்டு வர முடியாதும்மா."

"நீ போயிட்டு வா," என்றார் ஆன்டனி, பெட்டிக் கயிற்றைப் பார்த்தபடி. "நான் வீட்ல இருக்கேன். பாலனை நான் வைக்கேன்."

பஸ் மலையிறங்கி வத்தலக்குண்டு வந்து சேர்ந்தது. அவர்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"ஏளா, அன்னைக்கு ராத்திரி வீட்ல என்னென்ன செய்யணும்?"

அவள் வியப்போடு திரும்பினாள். பிறகுதான் உறைத்தது. இருபத்தேழு கிறிஸ்துமஸில் அவர் கரையில் இருந்தது மூன்றோ நான்கோதான். அந்த நாட்களிலும் எல்லாவற்றையும் அவளே செய்து முடித்திருந்தாள்.

"பூசை முடிஞ்சு வந்து லைட்டை எல்லாம் அணைச்சிரணும். மெழுகுதிரி மட்டும் போதும். பீரோவுல இருந்து பாலனை எடுத்து, முத்தம் குடுத்து, தொட்டியில வைக்கணும்."

"பெறவு?"

அவள் ஜன்னல் கண்ணாடியை இழுத்துச் சாத்தினாள்.

"பெறவு ஒண்ணுமில்ல. போனைப் பக்கத்துல வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். நடுக்கடல்ல டவர் கிடைக்காதுன்னு தெரியும். ஆனாலும் விடியிற வரைக்கும் உக்காந்திருப்பேன்."

ஆன்டனி இதை இதற்கு முன் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

"ஒவ்வொரு வருசமுமா?"

"ஆமா."

"சரி. இந்த வருசம் நான் உக்காந்திருக்கேன்."

"மலையில டவர் கிடைக்கும். நான் கூப்பிடுவேன்," என்றாள் அவள்.

"கூப்பிட்டாலும் உக்காந்திருக்கேன்," என்றார் ஆன்டனி.