விறகுப்புரையில் அம்மா சாப்பிட்டது

அம்மாவின் பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி ஒன்றையே சொன்னார்கள். சுத்த சைவம். முட்டை பட்ட கத்தியைக்கூடத் தொடமாட்டாள். தூத்துக்குடியில் ஐம்பது வருஷம் குடியிருந்து, மீன் வண்டி போகும் தெருவிலேயே காலத்தைத் தள்ளி, கடைசி வரைக்கும் அந்த வாடைக்கு முந்தானையை மூக்கில் பிடித்தவள். பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த என் தம்பி, ஆறடி ஆள், இதைக் கேட்டுக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நானும் தலையை ஆட்டினேன். அதில் பொய் ஒன்றும் இல்லை, ஒரு பன்னிரண்டு நாளைத் தவிர.

பேரப்பிள்ளைகள் மூன்று பேருக்கும் ஆச்சி என்றால் கொள்ளை ஆசை, ஆனால் ஆச்சியின் சட்டம் சட்டம்தான். முட்டை பப்ஸ் வாங்கி வந்தால் கேட்டுக்கு வெளியே நின்று தின்றுவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். பிள்ளைகள் வேண்டுமென்றே, ஆச்சி ஒரு கடி கடி என்று நீட்டுவார்கள். அவள் விளக்குமாற்றைத் தேடுவாள். சிரித்துக்கொண்டேதான் தேடுவாள். அப்படிப்பட்டவளைப் பற்றி இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதலாம். வந்தவர்கள் பாராட்டியதெல்லாம் பாதி அம்மாவைத்தான். மீதிப் பாதியைப் பார்த்தவள் நான். எனக்கு அப்போது எட்டு வயது.

அப்போது நாங்கள் ஒரு வளவில் குடியிருந்தோம். வரிசையாக ஆறு வீடு, எல்லாருக்கும் பொதுவாக ஒரு கிணறு, அதில் வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர். அப்பாவுக்குத் துறைமுகத்தில் எழுத்து வேலை. காலையில் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வருவார். அம்மா ஆழ்வார்திருநகரிப் பக்கத்து ஆற்றங்கரைக்காரி. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாள் முதல் தண்ணீரைத் திட்டுவாள், காற்றைத் திட்டுவாள், கடலையும் விடமாட்டாள். திட்டுவதற்குத் துணை வேண்டுமே. அதற்குக் கிடைத்தவள் எங்கள் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த திரேஸ்புரத்து அக்கா.

அந்த அக்காவின் வீட்டுக்காரர் படகில் போகிறவர். அவர்கள் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்கள், மீன் இல்லாமல் ஒரு நாள் விடியாது. நாங்கள் இந்தப் பக்கம் வெங்காயம் வதக்குவதற்கே நாள் பார்க்கிறவர்கள். ஆனாலும் இரண்டு பேரும் சுவர்மேல் கையை ஊன்றிக்கொண்டு பேச ஆரம்பித்தால் அடுப்பில் இருப்பது கரிந்துபோகும். அந்தச் சுவரைப் பேச்சு மட்டும்தான் தாண்டும், பாத்திரம் தாண்டாது. இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளாமலே வைத்திருந்த ஏற்பாடு அது.

பங்குனி மாதம் தம்பி பிறந்தான். அம்மாவைப் பெற்ற ஆச்சி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால், பிள்ளைப்பேறு பார்க்க அப்பாவின் மூத்த அக்காள் ஊரிலிருந்து வந்தாள். அத்தைக்குப் புருஷன் இல்லை. இரண்டு பிறந்து இரண்டும் தங்கவில்லை. பூஜையும் ஆசாரமும்தான் அவளுக்கு மிச்சம். மீன்காரி தெருவில் கூவிக்கொண்டு போனால் அவள் போன பிறகு வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பாள். நாலு வீடு தள்ளி அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று அத்தைக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

அம்மாவுக்குப் பால் இல்லை. அத்தை பூண்டைச் சுட்டுக் கொடுத்தாள், வெந்தயக் கஞ்சி வைத்தாள், முருங்கைக்கீரையை மூன்று வேளையும் வதக்கினாள். ஒன்றும் ஆகவில்லை. டின் பால் கொடுத்தால் தம்பிக்கு வயிறு நிற்காமல் போனது. நாற்பது நாளில் குண்டாக வேண்டிய பிள்ளை எலும்பும் தோலுமாகக் கிடந்தான். அழுவதற்குக்கூட அவனுக்குத் தெம்பு இல்லை, வாயை மட்டும் திறந்து திறந்து மூடுவான். டாக்டரம்மா தராசில் போட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்ச நாளில் எடை ஏறாவிட்டால் கஷ்டம் என்று அப்பாவிடம் சொன்னார். அன்றைக்கு அப்பா ராத்திரி சாப்பிடவில்லை. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அவனை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டால் நல்லது என்றுதான் நினைத்தேன். அவன் வந்ததிலிருந்து அம்மா எனக்கு ஒரு வாய் ஊட்டிவிடவில்லை.

அதற்கு மறுநாளோ என்னவோ, கொல்லைப் பக்கம் நொண்டியடித்து விளையாடிக்கொண்டிருந்தேன். சுவருக்கு இந்தப் பக்கம் அம்மா நின்று அழுதுகொண்டிருந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து அக்கா ஒரு தூக்குச்சட்டியை நீட்டிக்கொண்டிருந்தாள். அம்மா கையை நீட்டவில்லை. அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது.

"ஏளா, கண்ண மூடிக்கிட்டு முழுங்கு. ஒங்க சாமி கேட்டா எம் பேரச் சொல்லு, நான் பதில் சொல்லிக்கிடுதேன்."

அம்மா வாங்கிக்கொண்டாள். சாமிக்கே தெரியாமல் சாப்பிடுகிற அளவுக்கு ருசியாக அப்படி என்ன இருக்கும் என்று எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

எங்கள் வீட்டில் ஒரு முறுக்கு கிடைத்தாலும் உடைத்துத்தான் தின்போம். உடைப்பது அம்மா. பெரிய துண்டு எனக்கு, அவளுக்கு உதிர்ந்த தூள். அந்த அம்மா மறுநாள் மத்தியானம், அத்தை சாப்பிட்டுவிட்டுத் தலையைச் சாய்த்த அரைமணி நேரத்தில், தூக்குச்சட்டியோடு கொல்லையில் இருந்த விறகுப்புரைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்றாம் நாள் நான் பொறுக்கமாட்டாமல் கதவைத் தள்ளிவிட்டேன்.

அம்மா விறகுக் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் தூக்கு. உள்ளே மஞ்சளாக, உதிரி உதிரியாக, பருப்பு உசிலி மாதிரி என்னவோ இருந்தது. பூண்டு வாசனை தூக்கியது. வேறு வாடை ஏதும் எனக்குத் தெரியவில்லை. தூத்துக்குடியில் காற்றே அந்த வாடைதான், தனியாக எங்கே தெரியும். அம்மாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. காரம் என்று நினைத்துக்கொண்டேன். கையை நீட்டினேன். அம்மா என் கையைப் பட்டென்று தட்டிவிட்டாள்.

"இது ஒனக்கு இல்ல. போ."

அதற்கு முன்னால் அம்மா என்னை அடித்ததில்லை. அடியும் அப்படி ஒன்றும் வலிக்கவில்லை, ஆனால் எனக்கு நெஞ்சே வெடித்துவிடும் போலிருந்தது. நான் திரும்பிப் போகும்போது அவள் ஒரு வாயை அள்ளிப் போட்டுக்கொண்டு, வாயைக் கையால் பொத்தி, செம்புத் தண்ணீரை மடக் மடக்கென்று குடிப்பது தெரிந்தது. எனக்குக் கொடுக்காமல் அவ்வளவு அவசரமாகத் தின்கிறாளே என்று இருந்தது. அந்தக் கோபம் இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அம்மாமேல் அப்படிக் கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

தூங்கி எழுந்த அத்தையிடம் நேரே போய் நின்றேன்.

"அம்மா தனியா திங்கா. எனக்குத் தரமாட்டேங்கா."

அத்தை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அக்கா வீட்டு வாசலில் சண்டை வந்திருக்கும். அம்மாவை அடுப்படிக்குள் விட்டிருக்கமாட்டார்கள். அந்தத் தூக்கு அன்றோடு நின்றிருக்கும், அதோடு தம்பியும். இது எதுவும் தெரியாமல் நான் அத்தையின் கையைப் பிடித்து விறகுப்புரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா உள்ளறையில் தம்பிக்குப் பக்கத்தில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தூக்கு விறகுக்குப் பின்னால் இருந்தது.

அத்தை மூடியைத் திறந்தாள். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அப்படியே நின்றாள். பிறகு மூடியை அழுத்தி மூடி, இருந்த இடத்திலேயே, இருந்த மாதிரியே வைத்தாள்.

"மருந்து," என்றாள். "பிள்ளை பெத்தவ சாப்பிடுத மருந்து. சின்னப் பிள்ளைக தின்னா வயித்தால போயிரும். இத ஒருத்தர்ட்டயும் சொல்லப்படாது, என்னா?"

நான் தலையாட்டினேன். அத்தை கிணற்றடிக்குப் போய், கட்டிய சேலையோடு தலையில் நாலு வாளி தண்ணீரை இறைத்து ஊற்றிக்கொண்டாள். வெயில் அப்படி அடித்தது, அதனால்தான் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் அத்தை அம்மாவிடம், பிள்ளைக்காக ஒரு வேண்டுதல் வைத்திருப்பதாகவும், நாளை முதல் தினமும் மத்தியானம் பன்னிரண்டரைக்குப் புறப்பட்டு நடந்தே சிவன் கோயிலுக்குப் போய்விட்டு இரண்டு மணிக்குமேல்தான் வருவேன் என்றும் சொன்னாள். வெயிலில் எதற்கு மதினி, சாயங்காலம் போகலாமே என்றாள் அம்மா. வேண்டுதல் என்றால் வெயில் மழை பார்க்க முடியுமா என்றாள் அத்தை. அம்மா கொஞ்ச நேரம் அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரி மதினி என்றாள்.

சொன்ன மாதிரியே அத்தை ஒன்பது நாள் போனாள். சித்திரை வெயில், தார் உருகும் ரோடு, காலில் செருப்பு கிடையாது, தலையில் முக்காடு மட்டும். போகும்போது, நான் போயிட்டு வாரேன் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போவாள். அவள் போனதும் அம்மா விறகுப்புரைக்குப் போவாள். இப்போது அவசரம் இல்லை. உட்கார்ந்து, நிதானமாக மூச்சு விட்டு, கடைசிப் பருக்கை வரைக்கும் தின்றுவிட்டு, தூக்கைப் புளி போட்டுத் தேய்த்து, சுவரைத் தாண்டிக் கொடுத்துவிட்டு வருவாள். நான் தூரத்தில் நின்று பார்ப்பதோடு சரி, கிட்டே போவதில்லை. மருந்து என்றால் எனக்கும் பயம்தானே. வீட்டில் ஒரு ரகசியம் இருக்கிறது, அது எனக்குத் தெரியும் என்று பெருமையாகவும் இருந்தது.

தம்பி அழ ஆரம்பித்தான். வளவே எழுந்து உட்கார்கிற அழுகை. பசிக்கு அழுதான், பால் குடித்தான், தூங்கினான், மறுபடி அழுதான். டாக்டரம்மா தராசில் போட்டுப் பார்த்துச் சிரித்தார். பன்னிரண்டு நாள் முடிந்து அம்மா தலைக்கு ஊற்றிக்கொண்டாள். அதன்பிறகு கடைசி வரைக்கும் அவள் வாயில் அந்த மாதிரி எதுவும் பட்டதில்லை. தம்பி பிழைத்தது அத்தையின் வேண்டுதலால்தான் என்று வளவில் பேசிக்கொண்டார்கள். அம்மாவும் அப்படித்தான் சொன்னாள்.

எனக்குப் பதிமூன்று வயது இருக்கும்போது அக்கா குடும்பம் திரேஸ்புரத்துக்கே வீடு மாறிப் போனது. சாமான் ஏற்றுகிற அன்றைக்கு அக்கா தம்பியின் கன்னத்தைக் கிள்ளி, பால்சுறா தின்னு வளந்த பய என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் விடவில்லை. தனியாக இழுத்துக்கொண்டு போய்க் கேட்டபோது எல்லாவற்றையும் சொன்னாள். தூக்கில் இருந்தது சுறாமீனை வேகவைத்து உதிர்த்த புட்டு; பால் ஊறுவதற்கு அதை மிஞ்சி வேறு இல்லை என்பது கடற்கரையில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அம்மா முதல் நாள் அத்தனையையும் வாந்தி எடுத்துவிட்டு, வாயைக் கழுவிக்கொண்டு, மிச்சம் இருக்கிறதா அக்கா என்று கேட்டாளாம். அதைச் சொல்லும்போது அக்காவே அழுதுவிட்டாள். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அதோடு சேர்ந்து, அத்தனை பெரிய மூக்கு வைத்திருந்த அத்தையை அம்மா எப்படி ஏமாற்றிவிட்டாள் என்று ஒரு சந்தோஷமும் வந்தது. பாவம் அத்தை, மருந்து என்று நம்பிவிட்டாளே.

பிள்ளைப்பேறு பார்க்க வந்த அத்தை ஊருக்குத் திரும்பிப் போகவே இல்லை. எங்களோடுதான் இருந்தாள். ஒரு நாள் ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டது. குளிப்பாட்டுவது, தலை சீவுவது, சோறு ஊட்டுவது எல்லாம் அம்மாதான். ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று அப்பா சொன்னதற்கு, என் மதினியை நான் பார்த்துக்கொள்வேன் என்று வெட்டென்று சொல்லிவிட்டாள். நாத்தனாருக்கு இவ்வளவு செய்கிறாளே என்று ஊரில் ஆச்சரியப்பட்டார்கள்.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்றைக்கு, நல்ல மார்க் வாங்கிவிட்ட மிதப்பில், ஒரு தேங்காயை எடுத்துக்கொண்டு நேரே சிவன் கோயிலுக்கு நடந்தேன். மத்தியானம் ஒரு மணி இருக்கும். நடை சாத்திக் கிடந்தது. பூ விற்கிற அம்மா, நாலு மணிக்குத்தான் திறப்பாவ, எந்தக் காலத்துலயும் அப்படித்தான் என்றாள். வாசல் கல்லில் கால் வைக்க முடியவில்லை, செருப்போடு ஓடிவந்துவிட்டேன்.

வீட்டில் அம்மா அத்தையைச் சாய்த்து உட்காரவைத்து மோர்ச்சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் தேங்காயைக் கீழே வைத்துவிட்டு, கோயில் பூட்டிக் கிடக்கு என்றேன்.

"மத்தியானம் எந்தக் கோயிலு தொறந்திருக்கும்? ஊருக்கே தெரிஞ்சதுதான," என்றாள் அம்மா, தலையைத் தூக்காமல்.

அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு அடுத்த வாய்க்கு வாயைத் திறந்தாள். அம்மா ஊட்டினாள்.

பூட்டிய கதவுக்கு முன்னால், அந்தச் சுடுகல்லில், அத்தை ஒன்பது நாள் உட்கார்ந்திருந்திருக்கிறாள். அவள் எங்கே, எதற்காக உட்கார்ந்திருக்கிறாள் என்பது தெரிந்துதான் அம்மா விறகுப்புரையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றிருக்கிறாள். அந்த வீட்டில் விஷயம் தெரியாமல் இருந்தவள் நான் ஒருத்திதான். இரண்டு பேரில் யாருக்கு அது அதிகக் கஷ்டமாக இருந்தது என்று கேட்கவேண்டும் என்றுகூட எட்டு வயதில் எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தராமல் தின்கிறாள் என்பது மட்டும்தான் தெரிந்தது.