ஆர்டிஸ் ஹௌகனும் அரை ஏக்கரும்

தன் கல்யாணச் சான்றிதழையே மூன்று முறை படித்த பிறகுதான் ஆர்டிஸ் கையெழுத்துப் போட்டார் என்று கார்வர் ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதில் உண்மையில்லை. இரண்டு முறைதான் படித்தார். பாதிரியார் மாப்பிள்ளையின் பிறந்த வருடத்தைத் தவறாக எழுதியிருந்தார்.

பத்தொன்பது வயதில் தட்டச்சு வேலைக்கு என்று வில்லங்க அலுவலகத்தில் நுழைந்தவர், முப்பத்தொன்பது வருடங்களாக அதே ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே தெரு, தெருவுக்கு அந்தப் பக்கம் கவுண்டி என்கிற மாவட்டத்தின் நீதிமன்றம், அதன் தரைத்தளத்தில் பதிவு அலுவலகம். அவருடைய உலகம் பெரும்பாலும் இந்த அறுபது அடிக்குள் அடங்கிவிட்டது. கணவர் நார்ம், கவுண்டிச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர், இறந்து ஆறு வருடமாகிறது. அவருடைய கைக்கடிகாரம்தான் இப்போது ஆர்டிஸின் மணிக்கட்டில் தொளதொளவென்று கிடந்தது.

வேலை இதுதான். வாங்குகிறவரின் பணமும் விற்கிறவர் கையெழுத்திட்ட பத்திரமும் அவர் பொறுப்பில் வந்து சேரும். இரண்டு தரப்பும் எழுதிக் கொடுத்த நிபந்தனைகள் ஒன்று விடாமல் நிறைவேறும்வரை ஒரு சென்ட் நகராது, ஒரு காகிதம் வெளியே போகாது. எஸ்க்ரோ என்பார்கள். அதற்கு முன்பாக, விற்கப்படும் நிலம் உண்மையிலேயே விற்கிறவருடையதுதானா, அதன்மேல் வேறு யாருக்காவது பாத்தியதை உண்டா என்று பழைய பத்திரங்களைத் தோண்டிப் பார்ப்பதும் அவரே. பின்னால் யாராவது பாத்தியதை கேட்டு வந்தால் வாங்கியவரின் நஷ்டத்தை ஈடுகட்டும் காப்பீட்டையும் அந்த அலுவலகமே கொடுக்கும்.

இதில் ஊர் அவ்வளவாகக் கவனிக்காத ஒரு பகுதி இருந்தது. ஆற்றங்கரைகள், எல்க் மான்கள் குளிர்காலத்தில் இறங்கி வரும் சரிவுகள், மீன் பிடிக்கிறவர்கள் வேலிக்கு வெளியே நின்று ஏக்கத்தோடு பார்த்த ஓடைகள் என்று முப்பத்தொரு துண்டு நிலங்கள் இருபத்தைந்து வருடங்களில் தனியார் கையிலிருந்து பொதுச்சொத்தாக மாறியிருந்தன. முப்பத்தொன்றும் ஆர்டிஸின் மேசையைத் தாண்டிப் போனவை. அந்த நிலங்களின் வாசலில் நிற்கும் பலகைகளில் அரசாங்கத்தின் பெயர் இருக்கும், நன்கொடையாளர்களின் பெயர் இருக்கும். அவருடைய பெயர் எதிலும் கிடையாது. அதை அவர் கவனித்ததாகவும் தெரியவில்லை.

இப்படிப் பொதுவுக்குப் போகும் நிலங்களுக்கு மட்டும் அவர் தனியாக ஒரு விதி வைத்திருந்தார். தொழிலில் எல்லோரும் செய்வது, கடைசியாக ஒருவர் வில்லங்கம் பார்த்துக் கொடுத்த அறிக்கையை எடுத்துக்கொண்டு, அந்தத் தேதியிலிருந்து இந்தப் பக்கம் மட்டும் தேடுவது. பாதி வேலை மிச்சம். ஆர்டிஸ் அப்படிச் செய்யமாட்டார். அரசு முதன்முதலில் கொடுத்த பட்டாவிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பத்திரத்தையும் முழுக்கப் படிப்பார். கேட்டால் சொல்வார்: “மத்த நிலம் பத்து வருஷத்துல மறுபடி விலைக்கு வரும். தப்பு இருந்தா அப்ப யாராவது பாத்துத் திருத்திடுவாங்க. இது திரும்பி வராது. நாமதான் கடைசி.”

இரண்டாயிரத்துப் பதினொன்றாம் வருடம் செப்டம்பர் இருபதாம் தேதி, அந்த விதியே அவர் கழுத்தைப் பிடித்தது.

வில்லோ ஓடையை ஒட்டிய தோர்சன் குடும்பத்தின் அறுநூற்று நாற்பது ஏக்கர் அப்போது விற்பனையில் இருந்தது. சொந்தக்காரர்கள் இரண்டு பேர். கார்வரிலேயே மாடு வளர்க்கும் மெர்ல் தோர்சன், ஸ்போக்கேன் நகரில் குடியேறிவிட்ட அவருடைய தங்கை லோரெய்ன். நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்கிறேன் என்று ஒருவர் நல்ல விலை சொல்லியிருந்தார். மெர்லுக்கு அதில் மனமில்லை. ஒரு நிலப் பாதுகாப்புச் சங்கம் நடுவில் வந்து, வனத்துறை வாங்கிக்கொள்ள நிதி ஏற்பாடு செய்திருந்தது. லோரெய்ன் அண்ணனுக்காக ஒப்புக்கொண்டாள், ஆனால் ஒரு கெடுவோடு. செப்டம்பர் முப்பதுக்குள் முடிய வேண்டும். முடியாவிட்டால் வனத்துறையின் அந்த வருட நிதியும் காலாவதியாகிவிடும், அவளும் மனைக்காரருக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவாள், மெர்லும் கூடவே போட வேண்டும் என்பது இருவருக்குள் பேச்சு.

இன்னும் பத்து நாள். ஆர்டிஸ் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றின் பத்திரத்தைப் படித்துக்கொண்டிருந்தார். முதலில் பட்டா வாங்கிய யோசிப் மாருஷிச்சும் அவர் மனைவி யேலாவும் நிலத்தை ஓர் ஆட்டுப்பண்ணைக்காரருக்கு விற்ற பத்திரம். நில விவரத்துக்குக் கீழே ஒரு வரி. ‘எங்கள் குழந்தைகள் இருவர் கிடக்கும் அரை ஏக்கர் நீங்கலாக, அங்கே நாங்களும் எங்கள் வாரிசுகளும் வந்துபோகும் உரிமையோடு.’

அரை ஏக்கர் எங்கே என்று எழுதவில்லை. எழுதும் தேவை அவர்களுக்கு இருந்திருக்காது. அடுத்த பத்திரத்திலும் அந்த வரி இருந்தது. நாற்பத்தேழில் மெர்லின் தாத்தா வாங்கிய பத்திரத்தில் காணோம். யாரோ ஒரு குமாஸ்தா விட்டுவிட்டார்.

ஆர்டிஸ் எழுந்துபோய் உள்ளறையிலிருந்து எண்பத்தாறாம் வருடக் கோப்பு ஒன்றை எடுத்து வந்தார். மெர்லின் அப்பா அந்த நிலத்தின்மேல் கடன் வாங்கியபோது வில்லங்கம் பார்த்துக் கொடுத்த அறிக்கை. நாற்பத்தேழிலிருந்து இந்தப் பக்கம் மட்டும் தேடியிருந்தது. ‘வில்லங்கம் இல்லை.’ கீழே, முப்பத்து மூன்று வயதின் நேர்த்தியான கையெழுத்தில் ஆ.ஹௌ.

இரண்டு கோப்புகளையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்தின் முதலாளி கோர்டன் ஃபெல்டின் அறைக்குப் போனார்.

கோர்டன் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தொண்ணூறு வருஷம் ஆச்சு, ஆர்டிஸ். ஒருத்தர் வந்து கேட்டதில்ல. நாம பொறுப்பு ஏத்துக்கிட்டு இதக் காட்டாமலே காப்பீடு கொடுத்துடலாம். எல்லாரும் செய்யறதுதானே?”

“செய்வாங்க.”

“உங்களத் தவிர வேற யாருக்கும் தெரியாது.”

“அதான் கோர்டன், எனக்குத் தெரியுதே.”

“எண்பத்தாறுல விட்டது நீங்கன்னு வெளிய வருமே. ரிட்டயர் ஆகப்போற நேரத்துல இது தேவையா?”

“அதையும் அறிக்கைலயே எழுதிட்டேன். ரெண்டாவது பக்கம், பாருங்க” என்றார் ஆர்டிஸ்.

சங்கத்தின் சார்பில் விற்பனையைக் கவனித்த குவென் பாஸ்கோ, முப்பத்தைந்து வயதுப் பெண், செய்தி கேட்டு ஓடிவந்தாள். “அரை ஏக்கர்தானே! அத விட்டுட்டு மிச்சத்த வாங்கிக்கலாமே?”

“எத விட்டுட்டு? எங்கன்னு தெரியாத அரை ஏக்கர், அறுநூத்து நாப்பது ஏக்கர்லயும் இருக்கு, குவென். ஒவ்வொரு அடியிலயும் இருக்கு.”

வனத்துறையின் வழக்கறிஞரும் தொலைபேசியில் ஏறக்குறைய அதையேதான் சொன்னார், கொஞ்சம் நீளமாக. இடத்தை அளந்து காட்டினால் அதை ஒதுக்கிவிட்டு வாங்கலாம். இல்லாவிட்டால் அந்த வருடம் இல்லை.

மெர்ல் மறுநாள் காலை தொப்பியைக்கூடக் கழற்றாமல் அலுவலகத்துக்குள் வந்தார். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

“என்ன ஜட்ஜம்மா, என் நிலத்துல சமாதி இருக்குன்னு சொல்றியாமே?”

“நான் சொல்லல. பத்திரம் சொல்லுது.”

“அறுபத்தொரு வருஷமா அங்க நடக்கறேன். ஒரு கல் கிடையாது. எங்கப்பா சொன்னதில்ல, தாத்தா சொன்னதில்ல. உனக்கு மட்டும் காகிதம் காதுல வந்து சொல்லிச்சோ?”

“மெர்ல், உக்காரு.”

“உக்காரமாட்டேன். லோரெய்ன் நாள எண்ணிட்டிருக்கா. முப்பதாம் தேதி தாண்டிச்சுன்னா அந்த மனைக்காரன் ஓடைக்குக் குறுக்கால கேட் போட்டுப் பூட்டுவான். நீ ஒரு வரியப் படிக்காம விட்டிருந்தா உலகம் முடிஞ்சா போயிருக்கும்?”

“ஒரு தடவ விட்டேன். எண்பத்தாறுல.” அந்தக் கோப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தார். “அப்ப உங்கப்பா உயிரோட இருந்தார். நான் பிடிச்சிருந்தா ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். என்னாலதான் உனக்கு இந்த அவசரம். அதனால தேடறதுக்கு நானும் வரேன்.”

மெர்ல் தொப்பியைக் கழற்றினார்.

புதன் முதல் சனிவரை தேடினார்கள். நில அளவையாளர் ஹாங்க் லெவாண்டர் கம்பியும் சங்கிலியுமாக, மெர்ல் நாயோடு, ஆர்டிஸ் நார்மின் பழைய பூட்ஸில் இரண்டு ஜோடிக் காலுறையை அடைத்துக்கொண்டு. மாருஷிச்சின் வீடு நின்ற அஸ்திவாரம் கிடைத்தது. கிணறு கிடைத்தது. வீட்டுக்குப் பின்னால் உள்ள மேட்டில் இருக்கும் என்று ஹாங்க் பந்தயம் கட்டி, மூன்று நாள் அந்த மேட்டையே சல்லடை போட்டுத் தோற்றார்.

“குழந்தைங்களப் புதைக்கறதுக்கு மேடுதானேய்யா பாப்பாங்க?” என்றார் அலுத்துப்போய்.

“குளிர்காலத்துல செத்திருந்தா? மேட்டு மண்ணு இரும்பு மாதிரி உறைஞ்சிருக்கும். உன்னால தோண்ட முடியுமா?” என்றார் மெர்ல். வேண்டாவெறுப்பாக வந்தவர், இரண்டு நாளாக எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தார்.

திங்கட்கிழமை மத்தியானம் ஆர்டிஸ் மேட்டின் உச்சியில் உட்கார்ந்து முட்டை சாண்ட்விச்சைப் பிரித்தார். கீழே ஓடையோரப் புல்வெளி. ஆகஸ்டில் புல் அறுத்துக் கட்டி எடுத்துப்போன தடங்கள் வரிவரியாக, கோடு போட்ட நோட்டுப் போலத் தெரிந்தன. பத்திரம் படிப்பதைப் போலவே அவர் ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நான்கைந்து வரிகள் வளைந்து, எதையோ சுற்றிக்கொண்டு போய், மறுபடி நேராயின. நடுவில் ஒரு திட்டு அறுக்காத புல், வெளுத்துப்போய் நின்றது.

“மெர்ல், அந்த எடத்துல டிராக்டர ஏன் திருப்பினே?”

“எங்க?” மெர்ல் கண்ணை இடுக்கினார். “ஓ, அதுவா. அங்க எப்பவும் சுத்திட்டுத்தான் போவோம்.”

“ஏன்?”

“வளைக்கரடிப் பொந்து. சக்கரம் எறங்கிடும்.”

“நீ வளைக்கரடியப் பாத்திருக்கியா அங்க?”

“எங்கப்பா சுத்தினார்” என்றார் மெர்ல்.

“உங்கப்பா எதுக்கு?”

“தாத்தா சுத்தச் சொன்னாராம். ‘அங்க சுத்திப் போடா’ன்னு. அவ்ளோதான். தாத்தாகிட்ட எதுக்குன்னு யாரு கேக்கறது? கேட்டா ராத்திரிச் சாப்பாடு கிடையாது.”

சாண்ட்விச்சைப் பாதியில் வைத்துவிட்டு ஆர்டிஸ் எழுந்தார்.

திட்டின் நடுவில் புல் இடுப்பளவு இருந்தது. ஹாங்கின் கம்பி மூன்றாவது குத்திலேயே டங்கென்றது. கையால் விலக்கிப் பார்த்தார்கள். துருவேறிய இரும்புச் சட்டம், மெல்லிய கம்பிகளோடு. குழந்தைகள் தூங்கும் தொட்டில்கட்டிலின் பக்கவாட்டு. நான்கு பக்கங்களையும் கழற்றி வேலி மாதிரி நட்டிருந்தார்கள். அவை மண்ணுக்குள் சாய்ந்து, புல்லுக்கு அடியில் போய்விட்டன. உள்ளே ஆற்றுக் கற்கள் இரண்டு, தட்டையாக.

ஹாங்க் கம்பியைக் கீழே வைத்தார். பிறகு மெர்ல், “கட்டில் ஒண்ணுதான் இருந்திருக்கு போல” என்றார்.

அன்று மாலைக்குள் ஹாங்க் அரை ஏக்கரை அளந்து நான்கு மூலைகளிலும் முளை அடித்தார். ஆர்டிஸ் செவ்வாயும் புதனும் உட்கார்ந்து பத்திரத்தைப் புதிதாக எழுதினார். அரை ஏக்கர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்தப் பாதை வழியாக மாருஷிச் வாரிசுகள் வந்துபோகலாம், எல்லாம் அடிக்கணக்கில். வாரிசு என்று ஒருவர் இருக்கிறாரா என்பதே தெரியாது. இருந்தால் வழி இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். கூடவே காப்பீட்டுத் தலைமை அலுவலகத்துக்கு எண்பத்தாறின் தவறைப் பற்றி ஒரு பக்கக் கடிதமும் போனது. கோர்டன் அதைப் படித்துவிட்டு, கீழே தன் பெயரையும் சேர்த்துக்கொண்டார்.

வியாழன் மாலை வழக்கறிஞர் சரி என்றார். வெள்ளி காலை மெர்ல் கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகு அலுவலகத்தில் உட்காரப் பிடிக்காமல் பண்ணைக்குத் திரும்பிப் போய்விட்டார். மீதி இருந்தது லோரெய்ன். பத்திரம் மாறிவிட்டதால் அவளும் புதிதாகக் கையெழுத்துப் போட வேண்டும். போடாமல் சும்மா இருந்தாலே போதும், பதிவு அலுவலகம் மூடும் ஐந்து மணிக்கு மேல் நிலம் மனைக்காரருடையது. குவென் அலுவலகத்துக்குள் நடந்த நடையில் தரைவிரிப்பு தேய்ந்தது.

“கூப்பிட்டுப் பேசிப் பாருங்களேன், ஆர்டிஸ். கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்க.”

“நான் ரெண்டு பக்கத்துக்கும் பொதுவான ஆளு. கையெழுத்துப் போடுன்னு சொல்ல எனக்கு வழியில்ல. காப்பி குடிக்கிறியா?”

மூன்று நாற்பதுக்கு ஸ்போக்கேன் எண்ணோடு ஒரு கார் வந்து நின்றது. லோரெய்ன் ஆறு மணிநேரம் தானே ஓட்டி வந்திருந்தாள். நேராக மேசைக்கு வந்து, கைப்பையைக்கூட இறக்காமல், “அந்தத் திட்டா?” என்றாள்.

“அதேதான்.”

“பதிமூணு வயசுல எங்கப்பா எனக்கு டிராக்டர் பழக்கினார். நானும் அங்க திரும்பியிருக்கேன். அண்ணன் ஃபோன்ல சொன்னதும் என் கை தானா திரும்புது, பாரேன்.” ஸ்டீயரிங் பிடித்த மாதிரி கைகளைக் காட்டினாள். “மனை போடறவன் சுத்திப் போவானா? பேனா குடு.”

“மொதல்ல படி” என்றார் ஆர்டிஸ்.

“ஐயோ, நீ இன்னும் மாறவே இல்லையா!”

படித்தாள். கையெழுத்துப் போட்டாள். ஆர்டிஸ் முத்திரை வைத்தார். வங்கிக்குப் பேசி வனத்துறையின் பணம் வந்துவிட்டதை உறுதி செய்தார். நிபந்தனைப் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே பதினேழு வரையும் சரிபார்த்தார். பத்திரத்தை உறையில் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்தார். ஓடவில்லை. அந்த அறுபது அடியை அவர் என்றைக்கும் ஓடிக் கடந்ததில்லை.

நான்கு மணி முப்பத்தொரு நிமிடத்துக்குப் பதிவாயிற்று. எழுத்தர் நேரத்தையும் எண்ணையும் பதித்துத் திருப்பிக் கொடுக்க, ஆர்டிஸ் இரண்டையும் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, அங்கிருந்த தொலைபேசியிலேயே மெர்லைக் கூப்பிட்டார்.

“ஆச்சு.”

அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் மட்டும். வெட்டவெளியில் நிற்கிறார் என்று தெரிந்தது.

“லோரெய்ன் வந்தாளா?”

“வந்தா. போட்டா. இங்கதான் இருக்கா, ராத்திரி உன் வீட்டுலதான் தங்கப்போறாளாம். பன்றி மாமிசம் வறுத்து வைக்கணுமாம்.”

“நான் இப்ப ஓடைக்கிட்ட நிக்கறேன், ஆர்டிஸ். புல்வெளில.” பின்னால் அவருடைய நாய் குரைத்தது. “அப்ப இப்ப நான் அடுத்தவன் நிலத்துல அத்துமீறி நுழைஞ்சவனா?”

“இல்ல” என்றார் ஆர்டிஸ். “நாலு முப்பத்தொண்ணுலேர்ந்து அங்க யாருமே அப்படிக் கிடையாது.”