மச்சானுக்கு மருந்து கொடுக்காத ஆட்டம்

ஐந்து பேருக்கு மேல் சேர்க்க முடியாது, ஒருவரைக் குறைக்கவும் முடியாது. அந்தக் கைபேசி விளையாட்டில் எனக்கு முதலில் பிடித்துப்போனது இந்த ஒரு சட்டம்தான். பதினொரு பேர் கொண்ட நிர்வாகத்துக்குப் பதினேழு பேர் கதிரை இழுத்துப் போடும் ஊர்க் கூட்டங்களைப் பார்த்துச் சலித்தவன் நான். கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவன். எண்ணிக்கை சரியில்லாத இடத்தில் எனக்கு இருப்புக் கொள்ளாது.

அக்கராயனில் எங்கள் விளையாட்டுக் கழகம் வருடாவருடம் குடும்ப விளையாட்டு விழா நடத்தும். கயிறிழுத்தல், தேசிக்காய் ஓட்டம், சங்கீதக் கதிரை என்று வந்த பட்டியலில் இந்த முறை அந்தக் கைபேசி விளையாட்டையும் சேர்த்துவிட்டார்கள். ஒரு குடும்பத்தில் ஐந்து பேர். அதில் இரண்டு பேர் அறுபது வயதைத் தாண்டியிருக்க வேண்டும். ஆளுக்கொரு வீரனைத் தெரிவுசெய்து, எதிர் அணியின் ஐந்து வீரர்களை அடித்து விலக்கி, அவர்களுடைய கோட்டையை உடைத்தால் வெற்றி. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த என் பேத்தி, தன்னைத் தானே தலைவியாக நியமித்துக்கொண்டாள். மகனும் மருமகளும் மறுபேச்சில்லாமல் சேர்ந்தார்கள். அறுபது தாண்டியவர்களில் முதலாவதாக என்னைப் பிடித்தாள். இரண்டாவது ஆளுக்காக அடுத்த வளவில் இருக்கும் என் தங்கையிடம் போனவள், போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"அப்பப்பா, ஆச்சிக்குக் கண் தெரியேல்லை."

"என்ன விசர்க் கதை? நேற்றும் கிணத்தடியிலை நிண்டவ."

"போனை மூக்கிலை முட்டப் பிடிக்கிறா. சிவப்பு ஆக்களும் நீல ஆக்களும் அவாவுக்கு ஒண்டாத்தான் கிடக்காம். கோட்டையைக் காட்டினன், 'இது ஆரின்ர மாடு பிள்ளை?' எண்டு கேக்கிறா."

மருமகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சில மாதங்களாகவே தங்கை வாளிக் கயிற்றைத் தடவிப் பிடிப்பதை வேலிக்கு இப்பால் நின்று கவனித்திருந்தேன். கேட்க வழியிருக்கவில்லை. அவளுடைய கணவருக்கும், அதாவது என் மச்சானுக்கும், எனக்கும் ஆறு வருடமாகக் கதை இல்லை. கணவன் கதைக்காத வீட்டுப் படியை மனைவியும் மிதிப்பதில்லை.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பேத்தி பெரியவளான சாமத்திய வீட்டுக்கு அறுபது ரோல்ஸ் செய்வித்து, ஒவ்வொன்றையும் கடதாசியில் சுற்றி வைத்தோம். வந்தவர்கள் இருபத்தொன்பது பேர். ஆளுக்கு இரண்டு போக மிச்சம் இரண்டு. அந்த இரண்டையும் காணவில்லை, மச்சானின் தட்டில் எண்ணெய் ஊறிய கடதாசி நான்கு கிடந்தது. "மச்சான், ஆளுக்கு ரெண்டு" என்று மட்டும்தான் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கலாம். அவர் கை கழுவிவிட்டு எழுந்து போனார். தான் தின்றது இரண்டுதான் என்று ஊரெல்லாம் சொன்னார். கடதாசியை எண்ணியவன் நான்.

அதன்பிறகு எங்கள் பக்கத்து வழக்கப்படி, யார் முதலில் வாய் திறக்கிறாரோ அவர் தன் பிழையை ஒத்துக்கொண்டதாகிவிடும். ஆகவே இருவரும் வாய் திறக்கவில்லை. சொல்லியே ஆகவேண்டிய சங்கதிகளை அவர் தன்னுடைய பசுவுக்குச் சொல்வார். "நாளைக்கு வாய்க்கால் தண்ணி எங்கட முறை, கேட்டுதோ?" என்பார். நான் என் நாயைப் பார்த்து, "எங்களுக்கும் தெரியும்" என்பேன். கமக்காரர் அமைப்பின் தண்ணீர் முறை முழுவதும் அந்தப் பசுவுக்கு மனப்பாடம்.

தங்கையால் முடியாது என்றானதும் பேத்தி மச்சானையே கேட்டாள். அவர் உடனே சம்மதித்தார். எங்கள் வீட்டு இணையம் வேலிவரைதான் எட்டும். ஆகவே பயிற்சிக்கு அவர் தன் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டார், நான் என் பக்கத்தில் ஒன்றைப் போட்டேன். நடுவில் கிடுகு வேலி. கிடுகு இற்றுப்போன இடைவெளியில் தலையை விட்டு, பேத்தி அணியைப் பிரித்தாள்.

"அஞ்சு பேரும் அடிக்கிற ஆக்களா வந்தா அஞ்சு பேரும் சாவம். ஒராள் முன்னுக்கு நிண்டு அடி வாங்கோணும். ஒராள் அவருக்குப் பின்னாலை நிண்டு மருந்து குடுக்கோணும். ஒராள் தூர நிண்டு எறியோணும். ஒராள் துவக்கத்திலை நோஞ்சான், ஆனா காத்து வளத்தா கடைசியிலை எல்லாரையும் அடிக்கும். நான் காட்டுக்குள்ளை திரிஞ்சு திடீரெண்டு வருவன்."

தூர நிற்கும் வேலையை மகன் கேட்டு வாங்கினான். வீட்டிலும் அவனுக்கு அதுதான் வேலை. நோஞ்சான் வேலை மருமகளுக்குப் போனது. முன்பள்ளி ஆசிரியை, அதிர்ந்து பேசாதவள். பத்து நிமிடம் காத்துக் கொடுத்தால், "மாமா, கொஞ்சம் விலகுங்கோ" என்று மெல்லச் சொல்லிவிட்டு நாலைந்து பேரை வெட்டிச் சாய்ப்பாள்.

"எனக்குப் பின்னுக்கு நிண்டு பழக்கமில்லை, பிள்ளை. முன்னுக்கு நான்" என்றது கிடுகுக்கு அப்பால் இருந்து மச்சானின் குரல். அவருக்கு எருமைத் தலையோடு ஒரு கல் பூதம் கிடைத்தது.

நான் நீண்ட தாடி வைத்த மந்திரவாதியைக் கேட்டிருந்தேன்.

"உங்களுக்கு எண்ணுற வருத்தம் கிடக்கு, அப்பப்பா. மருந்துக்காரிதான் சரி. ஆருக்கு எவ்வளவு உயிர் மிச்சம், அடுத்த மருந்து எப்ப எண்டு எண்ணிக்கொண்டே இருக்கோணும்."

இப்படியாக, எழுபத்துநாலு வயதில் நான் இளஞ்சிவப்புச் சட்டையும் இரண்டு சிறகும் கொண்ட சின்னப் பெண்ணாக ஆனேன். கையில் ஒரு மணி. அதை ஆட்டினால் முன்னால் நிற்கும் எருமைக்கு உயிர் ஏறும். ஒருமுறை ஆட்டினால் அடுத்த தடவைக்கு எட்டு எண்ண வேண்டும்.

முதல் பயிற்சி படுதோல்வி. மருந்து வேண்டுமென்றால் மச்சான் கேட்க வேண்டும். அவரோ பசுவைத்தான் கேட்டார். "சாகப்போறன், மருந்து தருவினமோ தெரியாது" என்று அதனிடம் அவர் சொல்லி முடிப்பதற்குள் எருமை செத்துவிடும். நாலு முறை செத்தது. ஐந்தாம் முறை பேத்தி கிடுகை உதைத்தாள்.

"ரெண்டு பேரும் கேளுங்கோ. கேமுக்குள்ளை கதைச்சது கதை இல்லை. அதை ஆரும் கணக்கிலை எடுக்கப்படாது. சரியோ?"

நான் யோசித்தேன். அப்பாலும் யோசிக்கும் சத்தம் கேட்டது. இருவரும் அவளிடம் தனித்தனியாக ஓம் சொன்னோம். அடுத்த ஆட்டத்தில், ஆறு வருடத்துக்குப் பிறகு மச்சான் என்னோடு கதைத்தார்.

"மருந்து!"

"வருது" என்றேன்.

மற்றவர்களுக்கு இது விளையாட்டு. எனக்கு அன்று ஒரு கதவு திறந்தது. விழா முடியும்வரை தங்கையின் கண்ணைப் பற்றி அவரிடம் நேரடியாகக் கேட்கலாம். அடுத்த நாளே தொடங்கினேன்.

"மச்சான், தங்கச்சியின்ர கண்ணை எப்ப கொண்டுபோய்க் காட்டப்போறீர்?"

"கோட்டையைப் பாருங்கோ."

"நான் கண்ணைக் கேக்கிறன்."

"அரிவு வெட்டு முடியட்டும்."

அரிவு வெட்டு முடிந்தது. கேட்டேன். நெல் காயட்டும் என்றார். றோட்டில் பரப்பிய நெல் காய்ந்து மூட்டையும் கட்டியாயிற்று. கேட்டேன். பசு கன்று போடட்டும் என்றார். ஒவ்வொரு பயிற்சியிலும் புதுச் சாட்டு வந்தது. இதற்கிடையில் தங்கை வெந்தயமென்று நினைத்துக் கடுகைப் போட்டுக் குழம்பு வைத்தாள் என்று பேத்தி வந்து சொன்னாள்.

விழா பொதுநோக்கு மண்டபத்தில் நடந்தது. ஆட்டம் பெரிய திரையில் தெரிய, கழகத்து இளைஞர் ஒருவர் ஒலிவாங்கியில் வர்ணித்தார். முதல் சுற்றில் கண்டாவளையிலிருந்து வந்த குடும்பம் ஐந்து பேரையும் அடிக்கிறவர்களாகவே போட்டிருந்தது. பேத்தி சொன்னபடி ஐந்து பேரும் செத்தார்கள். இறுதி ஆட்டம் அரிசி ஆலைக்காரர் குடும்பத்தோடு. எல்லாம் கணக்குப்படி நடந்தது. எருமை முன்னால் நின்றது, நான் மணியை ஆட்டினேன், மருமகள் வளர்ந்தாள். அவர்களுடைய கோட்டை வாசலுக்கே வந்துவிட்டோம். அவர்கள் ஐந்து பேரும் எருமையைச் சூழ்ந்தார்கள். உயிர் காற்பங்குக்கு இறங்கியது.

"மருந்து!"

எட்டு எண்ணி முடிந்திருந்தது. என் விரல் பொத்தானுக்கு மேலே நின்றது. ஆட்டம் முடிந்தால் எங்களுக்குள் கதையும் முடிந்தது. அவருக்கு என்னால் ஆகவேண்டிய காரியம் ஒன்று என்னுடைய கையில் இருப்பது இந்த நிமிடம் மட்டும்தான்.

"கண் கிளினிக்குக்கு எப்ப போறீர்?"

"விசரே உங்களுக்கு? மருந்தைப் போடுங்கோ!"

"நாள் சொல்லும், போடுறன்."

"அப்பப்பா!" பேத்தி கத்தினாள். "என்ன செய்யிறியள்? மணியை ஆட்டுங்கோ!"

"நெல்லும் காஞ்சிட்டுது. இனி என்ன காயோணும், மச்சான்?"

"அக்கராயன் அணியிலை ஏதோ ஆலோசனை நடக்குது போலக் கிடக்கு" என்றார் ஒலிவாங்கிக்காரர்.

மச்சான் எழுந்து நின்றுவிட்டார். "கத்தி வைப்பாங்கள், மச்சான்! கண்ணிலை கத்தி வைப்பாங்கள்! என்னாலை பாக்கேலாது!"

திரையில் ஐந்து பேர் வாளாலும் நெருப்பாலும் எருமையை அடித்துக்கொண்டிருந்தார்கள், அது அசையாமல் வாங்கிக்கொண்டிருந்தது.

"உம்மை ஆர் பாக்கச் சொன்னது? வெளியிலை இரும். நானும் வந்து பக்கத்திலை இருக்கிறன்."

"சரி, திங்கள்! திங்கள் போறம்!"

"எந்தத் திங்கள்?"

"வாற திங்கள்! போடுங்கோவன் மருந்தை!"

மணியை ஆட்டினேன். நன்றாகத்தான் ஒலித்தது. எருமை அதற்குள் கற்குவியலாகிவிட்டது. கோபம் கொண்ட ஐந்து பேருக்கு முன்னால் சிறகு வைத்த சின்னப் பெண் தனியாக நின்றாள். அதிக நேரம் நிற்கவில்லை. மருமகள் மூன்று பேரைச் சாய்த்துவிட்டுத்தான் விழுந்தாள். மகன் எங்கே நின்றான் என்று இன்றுவரை தெரியாது. எங்கள் கோட்டை உடைந்தது. இரண்டாம் பரிசாக ஆளுக்கொரு பிளாஸ்டிக் வாளி தந்தார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் என் கைபேசிக்கு ஓர் அறிவித்தல் வந்தது. வேண்டுமென்றே அணியைக் கைவிட்டதாகச் சக வீரர்கள் முறையிட்டிருக்கிறார்களாம், எனக்குத் தற்காலிகத் தடையாம். முறையிட்டவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தேன். நாலு பேரில் நாலு பேர். வாளியால் முகத்தை மறைத்துக்கொண்டு நடந்த பேத்தி அதை மறுக்கவில்லை.

போகட்டும், திங்கள் கிடைத்துவிட்டதே என்று இருந்தேன். ஞாயிறு பின்னேரம் வேலிக்கு அப்பால் மச்சான் பசுவோடு கதைப்பது கேட்டது.

"கேமுக்குள்ளை கதைச்சதை ஆரும் கணக்கிலை எடுக்கப்படாது எண்டு சட்டம் கிடக்கு. அந்தத் திங்களும் அதுக்குள்ளை சொன்னதுதானே. என்ன நான் சொல்லுறது?"

பசு மறுக்கவில்லை. என்னாலும் மறுக்க முடியவில்லை. கதிரையில் இருந்து எல்லாப் பக்கத்தாலும் யோசித்துப் பார்த்தேன், அவருடைய தர்க்கத்தில் ஓட்டை இல்லை. திங்கள் கணக்கில் வரவேண்டுமென்றால் விளையாட்டுக்கு வெளியே யாராவது அதைச் சொல்லியாக வேண்டும். நாயிடம் சொல்லலாம்தான். ஆனால் நாய் போய்த் திகதி வாங்கி வராது.

எழுந்து, சட்டையைப் போட்டுக்கொண்டு, சுற்றிப் போய் அவர்களுடைய படலையைத் திறந்தேன். தங்கை வாசற்படியில் சுளகோடு இருந்து, விரலால் தடவித் தடவி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஐந்தாறு அடி தூரம்தான். முகத்தை நிமிர்த்தி என்னை நேராகப் பார்த்தாள்.

"ஆரது? சங்கக் காசுக்கோ? அவர் மாட்டடியிலை நிக்கிறார்."

நேராக மாட்டடிக்குப் போனேன். மச்சான் கையில் வைக்கோலோடு திரும்பினார்.

"மச்சான்" என்றேன். "இது கேம் இல்லை. போன் வீட்டிலை கிடக்கு. நான்தான் முதல் கதைக்கிறன், நல்லா எண்ணிக்கொள்ளும். நாளைக்கு எத்தனை மணிக்கு பஸ்?"

அவர் பசுவைப் பார்த்தார். நான் வந்து நின்ற இடத்தில் அதற்கு வேலை இருக்கவில்லை. வைக்கோலைக் கீழே போட்டார்.

"அப்ப நான் திண்டது ரெண்டு."

"பஸ் எத்தனை மணிக்கு?"

"திண்டது ரெண்டு எண்டு சொல்லுங்கோ."

"ரெண்டு" என்றேன். நாலுதான், ஆனாலும் சொன்னேன்.

"ஆறேகாலுக்கு. பிந்தினா நான் நிக்கமாட்டன்."

வாசற்படியில் சுளகு விழுந்த சத்தம் கேட்டது. "அண்ணையோ?" என்றாள் தங்கை. "அது அண்ணையின்ர குரலோ?"

அடுத்த நாள் ஆறு மணிக்கு முன்னரே றோட்டுக்குப் போனேன். மச்சான் எனக்கு முன்னரே வந்து, சவரம் செய்து, தங்கையின் முழங்கையைப் பிடித்தபடி நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தால் கத்தி வைக்கப்போவது அவருக்கு என்றுதான் யாரும் நினைப்பார்கள். தூரத்தில் வரும்போதே கிளினிக் அட்டை எடுத்தாரா, அடையாள அட்டை எடுத்தாரா, அவளுக்குச் சாப்பிடக் கொடுத்தாரா என்று நான் கேட்கத் தொடங்கிவிட்டேன்.

"அண்ணை வந்திட்டாரோ?" என்று தங்கை கேட்பது காதில் விழுந்தது.

"வாறார்" என்றார் மச்சான். "கதைச்சுக்கொண்டுதான் வாறார்."