எல்லா கேபிளும் கறுப்புதான்

தங்கம் வாங்குகிறவர்கூடக் கடைக்காரரை அவ்வளவு சந்தேகப்பட மாட்டார். மானிட்டர் கேபிள் வாங்குகிறவர் படுவார்.

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடையில் வேலை பார்க்கிறேன். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று முதலாளி நஸீர் இக்கா சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். எலக்ட்ரானிக்ஸ் படித்தவள் ஒரு கேபிளைத் தவறாகக் கொடுத்து வேலையை இழந்தாள் என்று வீட்டில் போய்ச் சொல்ல முடியுமா? மானிட்டருக்குப் பின்னால் டார்ச் அடித்துத் துளை தேடியவர்களுக்கு என் பயம் புரியும்.

ஒருவழிப் பாதை

இது நான் பார்த்ததல்ல. எனக்கு முன்பிருந்தே கடையில் இருக்கும் ஷீஜா சேச்சி சொன்னது. சேச்சி கொஞ்சம் கூட்டிச் சொல்வார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பக்கத்துச் சுள்ளிக்கல்காரர் ஒருவர், ஒரு முனையில் டிஸ்ப்ளே போர்ட், மறு முனையில் எச்டிஎம்ஐ என்று இருவித மானிட்டர் செருகிகள் உள்ள கேபிளை வாங்கிப்போனார். மறுநாளே திரும்பி வந்தார். இரண்டு பக்கமும் கச்சிதமாகப் பொருந்துகிறது, படம் மட்டும் வரவில்லை. அவர் எச்டிஎம்ஐ முனையைக் கம்ப்யூட்டரில் செருகியிருந்தார். "இது ஒரு பக்கமாகத்தான் வேலை செய்யும் சேட்டா, டிஸ்ப்ளே போர்ட் முனைதான் கம்ப்யூட்டருக்கு" என்றிருக்கிறார் சேச்சி. அவர் சேச்சியை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "ரோட்டுக்கு ஒன்வே உண்டு, சரி. வயருக்கு எதுக்கு மோளே ஒன்வே? யாரு பாத்து ஃபைன் போடப்போறா?"

ஓட்டையை மட்டும் பார்

வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஒரு பெண், லேப்டாப்பின் டைப்-சி துளையிலிருந்து மானிட்டருக்குக் கேபிள் கேட்டார். எல்லா டைப்-சி துளையிலும் படம் வராது, சில வெறும் சார்ஜுக்குத்தான். அதனால் லேப்டாப்பின் மாடல் நம்பரைக் கேட்டேன். "இப்ப மாடல் கேப்பே, அப்பறம் பாஸ்வேர்டு கேப்பியா?" என்று போய்விட்டார்.

சாயங்காலம் லேப்டாப்பையே கொண்டுவந்தார், துண்டில் சுற்றி. துளை இருக்கும் ஓரத்தை மட்டும் திறந்து காட்டினார். நல்லவேளையாகப் பக்கத்திலேயே ஒரு எச்டிஎம்ஐ துளையும் இருந்தது. "சாதாரண எச்டிஎம்ஐ கேபிளே போதும், விலையும் பாதிதான்" என்றேன். நன்றி சொல்வார் என்று நினைத்தேன். துண்டை இறுக்கிக்கொண்டார்: "கடைக்காரியே விலை குறைஞ்சதை எடுன்னு சொன்னா, அதுல என்னமோ இருக்கு."

அணைத்தாலும் எரியும் விளக்கு

பஜார் ரோட்டில் ஒரு மிளகு வியாபாரியின் ஆபீஸ். அங்கே மேனேஜராக இருக்கும் சுப்பிரமணியம் சார் பாலக்காட்டுத் தமிழர். ஆறு புது மானிட்டர்களுக்கு ஆறு டிஸ்ப்ளே போர்ட் கேபிள்கள் வாங்கிப்போனார். எடுத்துக் கொடுத்தது நான்.

மூன்றாம் நாள் ஒரு கேபிளை கவரில் போட்டு, பாம்பைத் தூக்கி வருவதுபோல் தள்ளிப் பிடித்துக்கொண்டு வந்தார். கம்ப்யூட்டரை அணைத்து, பவர் ஒயரையும் பிடுங்கிய பிறகும் உள்ளே ஒரு சின்ன விளக்கு எரிகிறதாம். காலையில் இரண்டு கம்ப்யூட்டர்கள் கிளம்பவேயில்லை. இந்தக் கேபிள்களை உருவிய பிறகுதான் கிளம்பினவாம். "இதுக்குள்ள சிப் இருக்கு கொழந்தே. எங்க மிளகு ரேட்டை எவனோ ஒட்டுக் கேக்கறான்" என்றார் ரகசியக் குரலில்.

அவர் போனதும் நஸீர் இக்கா என்னைக் கூப்பிட்டார். "இத்தனை நாள் வித்த பழைய பெட்டிக் கேபிள்ல இதுவரைக்கும் ஒரு புகார் வந்ததில்ல. நீ மாத்தி ஏதாவது வச்சியா மோளே?" குரலில் கோபமில்லை, அதுதான் பயமாக இருந்தது. ஷீஜா சேச்சி விலைச்சீட்டைப் படிப்பதுபோல் குனிந்துகொண்டார். ஒரு நாள் டைம் கேட்டேன். எனக்கே என்மேல் சந்தேகம்: கை தவறி எதையாவது மாற்றி எடுத்திருப்பேனோ?

அந்தக் கேபிளையும் பழைய பெட்டிக் கேபிள் ஒன்றையும் வீட்டுக்குக் கொண்டுபோய், கல்லூரிக் காலத்து மல்டிமீட்டரில் தையல் ஊசிகளைக் கட்டி, ஒவ்வொரு பின்னாகத் தொட்டுப் பார்த்தேன்; இரு முனைக்கும் இணைப்பிருந்தால் மீட்டர் கத்தும். டிஸ்ப்ளே போர்ட் முனையில் இருபது பின்கள். கடைசிப் பின்னில் மின்சாரம் உண்டு. அதனால் சாதாரணக் கேபிளில் அந்தப் பின்னை இரு முனைக்கும் சேர்த்து இணைக்கக் கூடாது என்பதுதான் விதி. இணைத்தால் மானிட்டரின் மின்சாரம் கம்ப்யூட்டருக்குள் பின்வாசல் வழியாகப் போகும். பழைய பெட்டிக் கேபிளில் மீட்டர் மௌனமாக இருந்தது. சார் கொண்டுவந்ததில் 'பீப்' என்றது.

அடுத்த கஷ்டம் அதைச் சொல்வது. ஏனென்றால் சார் கேபிளைப் போட்டு வந்த கவரில் இருந்த சீட்டு புதுப் பெட்டியுடையது. விலை குறைவென்று எர்ணாகுளத்திலிருந்து அதை வாங்கிவந்து, பழையவற்றோடு ஒரே தட்டில் அடுக்கியது இக்காதான். இரண்டு கேபிளையும் அவர் முன்னால் வைத்துத் தொட்டுக் காட்டினேன். மௌனம், பீப். அவரே மீட்டரை வாங்கி நாலு தடவை தொட்டுப் பார்த்தார். மீட்டரையும் சந்தேகப்பட்டார் என்று நினைக்கிறேன். கடைசியில் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மூணு மாசம் கழிஞ்சாலும் நீதான் இருக்கணும். உன் பீப் கேக்காம இனி ஒண்ணும் தட்டுல ஏறக் கூடாது."

சிப் இல்லை

ஆறு நல்ல கேபிள்களை நானே பஜார் ரோட்டுக்குக் கொண்டுபோய் மாற்றினேன். அணைத்ததும் எல்லா விளக்கும் அணைந்தது. சுப்பிரமணியம் சாருக்கு இருபதாவது பின்னைப் பற்றிப் பொறுமையாக விளக்கினேன், சிப் எதுவும் இல்லை என்று இரண்டு முறை சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார், மீதி ஐந்து கேபிள்களை எண்ணிக் கொடுத்தார், வாசல்வரை வந்தார். அங்கே நிறுத்திக் கேட்டார்: "சிப் இருந்தாலும் நீ இப்படித்தானே சொல்லுவே?"

புதுப் பெட்டியில் மீதியிருந்த பதினான்கு கேபிள்களையும் பிறகு சோதித்தேன், பதினான்கிலும் மீட்டர் கத்தியது. ஆக, இந்தத் தொழிலில் சந்தேகப்படுவது சரிதான், ஆளைத்தான் எல்லோரும் மாற்றிப் பிடிக்கிறார்கள்.