மாத்திரையில் வந்த சாமி

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. திருத்தணி ரயிலடியில் வேர்க்கடலை மூட்டை தூக்கித்தான் பிழைக்க ஆரம்பித்தேன். பிற்பாடு அதே வேர்க்கடலையை ஆட்டுகிற செக்குகளுக்கு முதலாளி ஆனேன். யாரும் கைதூக்கி விடவில்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது, கேட்கிறவர்களுக்குத்தான் அலுக்கும்.

மூட்டை தூக்குவதை நிறுத்தினேன், சாப்பாட்டை நிறுத்தவில்லை. வயிறு வந்தது. முதலில் அது பெருமையாகத்தான் இருந்தது. அது முன்னால் போகும், நான் பின்னால் போவேன். சண்டைக் காலம் வந்து அரிசிக்கு ரேஷன் போட்டார்களே, அப்போதுதான் மானம் போயிற்று. வரிசையில் நிற்கிறவர்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை, வயிற்றைப் பார்ப்பார்கள். "இவுரு வூட்டுக்கு மட்டும் எந்தக் கடையில அளக்கறாங்களோ" என்று ஒருத்தி சொன்னது என் காதிலேயே விழுந்தது. கள்ளச் சந்தையில் நான் ஒரு படி அரிசிகூட வாங்கியதில்லை. ஆனால் வயிறு வேறு சாட்சி சொல்லும்போது நான் என்ன சொல்ல?

அதைவிடப் பெரிய தலைகுனிவு மலைப் படியில் நடந்தது. என் மகள் விஷக்காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்தால் ஆடிக் கிருத்திகைக்கு என் தோளிலேயே காவடி சுமந்து படியேறி வருகிறேன் என்று முருகனுக்கு நேர்ந்துகொண்டேன். பிழைத்தாள். காவடி எடுத்தேன். பாதி மலைகூட ஏறவில்லை, மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். ஏற முடியாதவர்களைக் கம்பில் கட்டிய நாற்காலியில் தூக்கிப் போகிற டோலிக்காரர்கள் வந்தார்கள். ஒருவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நாலு பேருக்குத் தாங்காது மொதலாளி. இன்னும் ரெண்டு பேரக் கூப்புடட்டா?" என்றான். கேலியாகக் கேட்டிருந்தால் திட்டியிருப்பேன். அவன் தொழில் முறையில் கேட்டான். காவடியை என் மனைவியின் தம்பி வாங்கிக்கொண்டு மேலே போனான். நான் கீழே இறங்கினேன். வேண்டுதல் அப்படியே நின்றது. அதற்கப்புறம் மகள் ஒரு தும்மல் போட்டால்கூட, முருகன் கணக்குக் கேட்கிறாரோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன்.

அடுத்த கோடையில் எண்ணெய் வியாபாரமாகப் பட்டணம் போனேன். ஓர் இங்கிலீஷ் மருந்துக் கடையில் வெட்கத்தை விட்டு, உடம்பு இளைக்க ஏதாவது உண்டா என்று கேட்டேன். கடைக்காரர் ஒரு சின்னப் புட்டியை எடுத்து வைத்தார்.

"தைராய்டு மாத்திரை. கழுத்துச் சுரப்பியில இருந்து எடுக்கறாங்க. தொரசானிங்கல்லாம் இதத்தான் சாப்புட்டு இளைக்கறாங்க. தெனம் ஒண்ணு போதும்."

எதனுடைய கழுத்து என்று நான் கேட்கவில்லை. ஒரு மூட்டைக் கடலையை அவிழ்த்துக் கொட்டிப் பார்க்காமல் வாங்காதவன், துரைசானி என்றதும் பணத்தை எடுத்து நீட்டினேன். தினம் ஒன்று என்பது வெள்ளைக்காரி உடம்புக்கு, என் உடம்புக்கு மூன்று மாத்திரையாவது வேண்டாமா என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

இளைத்தேன். அதை மறைக்க மாட்டேன். பசி முன்னைவிட எடுத்தது, சாப்பிட்டேன், ஆனாலும் இளைத்தேன். வெள்ளி அரைஞாண் இடுப்பை விட்டு நழுவியது. செக்கடியில் மூட்டை நிறுக்கிற தராசில் நானே ஏறி நின்று ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். "எல்லாம் வைராக்கியம்" என்றேன். மாத்திரையைப் பற்றி மூச்சு விடவில்லை. வேட்டி மடிப்பில் புட்டி இருந்தது.

தூக்கம் போயிற்று. உட்கார்ந்த இடத்தில் வியர்த்தது. கை நடுங்கியது. அதற்குள் ஆடி பிறந்தது. காப்புக் கட்டி, மஞ்சள் வேட்டி உடுத்தி, விரதம் தொடங்கினேன். வீட்டில் கவுச்சி பட்ட சட்டியைக்கூட மனைவி பரண்மேல் ஏற்றிவிட்டாள். பூஜைக்கு வந்தவன் பம்பையை அடித்ததும் என் கையில் இருந்த விபூதித் தட்டு கடகடவென்று ஆடியது. பக்கத்து வீட்டு அம்மாள் தடாலென்று காலில் விழுந்தாள்.

"முருகன் வந்துட்டாரு" என்றாள்.

முதலில் திடுக்கிட்டேன். பிறகு, ஏன் வரக்கூடாது என்று தோன்றியது. மூட்டை தூக்கியவனை முதலாளி ஆக்கிய சாமி, என்மேல் வந்து இறங்க மாட்டாரா? மறுநாள் முதல் பெண்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நடுங்குகிற கையால் விபூதி பூசினேன். போன வருஷம் காவடியை வாங்கிக்கொண்ட என் மைத்துனன் அரக்கோணத்தில் ரயில் இஞ்சினுக்குக் கரி போடுகிறவன், எதையும் லேசில் நம்பமாட்டான்.

"ஏன் பாவா, காபித் தம்ளரப் புடிக்கும்போதும் கை ஆடுதே. முருகன் காபி குடிக்கவும் வர்றாரா?"

"வாயக் கழுவு" என்று என் மனைவி தம்பியை அதட்டினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன், சாமி மாதிரி.

கிருத்திகையன்று காவடி தோளில் ஏறியது. நான் ஆடிய ஆட்டத்தில் கூட்டம் விலகி வழிவிட்டது. போன வருஷம் உட்கார்ந்த படியைத் தாண்டிவிட்டேன். இன்னும் கொஞ்சம்தான் என்று நினைத்தபோது நெஞ்சு தாறுமாறாக அடித்தது, கண் இருண்டது, விழுந்தேன். காவடியை யாரோ பிடித்துக்கொண்டார்கள். என்னைத் தூக்க யாரும் வரவில்லை. சுற்றிலும் அரோகரா. கற்பூரம் ஏற்றினார்கள். ஒருவர் என் கையில் எலுமிச்சம்பழத்தைத் திணித்து, "வாக்கு குடு சாமி" என்று கும்பிட்டார்.

எனக்கு உயிர் போகிறது என்று தெரிந்தது. வாயைத் திறந்து "தண்ணி" என்றேன்.

"தண்ணின்னு சொல்லுது. இந்த வருசம் ஏரி ரொம்பிடும்" என்றார் அவர். யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை.

மைத்துனன்தான் இடித்துக்கொண்டு வந்து என் நெஞ்சில் காதை வைத்தான். "சாமியும் இல்ல ஒண்ணும் இல்ல. பிரேக் இல்லாத இஞ்சின் மாதிரி அடிச்சிகினு கீது. டோலியக் கொண்டாங்கடா" என்று கத்தினான். டோலி வந்தது. இந்தத் தடவை நாலு பேரே போதுமாக இருந்தது.

மனைவியும் மகளும் கூடவர என்னை ரயிலேற்றிக் கொண்டுபோனார்கள். அரக்கோணத்து டாக்டர் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். வேட்டியைத் தளர்த்திய மைத்துனன் கையில் புட்டி விழுந்தது. டாக்டர் வாங்கிப் படித்தார்.

"இது ஆட்டோட கழுத்துச் சுரப்பி. காயவச்சுப் பொடி பண்ணினது. ஹார்மோன்னு சொல்லுவோம். உடம்புல அது சுரக்காதவங்களுக்குக் கொடுக்கற மருந்து. உனக்குத்தான் நல்லா சுரக்குதே. கொழுப்பு மட்டுமா கரைஞ்சுதுன்னு நினைக்கறே? சதையும் கரைஞ்சிருக்கு. இருதயம் ஓடி ஓடிக் களைச்சிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா நின்னுருக்கும்."

"நிறுத்திட்டா எடை?"

"திரும்பி வரும். உயிர் போனா திரும்பி வராது."

எனக்கு அது எதுவும் ஏறவில்லை. ஆடு என்ற சொல் மட்டும் காதிலேயே நின்றது. மைத்துனன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "அக்கா சட்டியெல்லாம் பரண்ல ஏத்திச்சி. பாவா ஆட்டையே மடியில கட்டிகினு விரதம் இருந்துகிறாரு." மனைவி சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் மகளின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவள் எதற்குப் பயந்தாள் என்று எனக்குத் தெரியும்.

படபடப்பு அடங்க வெகுநாள் ஆயிற்று. டாக்டர் சொன்ன மாதிரியே வயிறு திரும்பி வந்தது, எனக்கு முன்னால் நடந்தது. மறு ஆடிக்கு மாத்திரை இல்லாமல், டாக்டர் சொன்னபடி அளவாகத் தின்று, தினமும் கொஞ்சம் படியேறிப் பழகிய பிறகு காவடி எடுத்தேன். நாலைந்து படிக்கு ஒருமுறை நின்றேன். டோலிக்காரர்கள் கூடவே வந்தார்கள். பார்க்கிறவர்கள் சிரித்தார்கள். மேலே போய்ச் சேரும்போது உச்சிவெயில்.

இறங்கும்போது பக்கத்து வீட்டு அம்மாள் பேரப்பிள்ளையோடு வழியில் நின்றாள். பிள்ளையின் நெற்றியை என் பக்கம் திருப்பிப் பிடித்தாள். என் கை ஆடாமல் கல் மாதிரி இருந்தது.

"அது சாமி இல்லம்மா. இளைக்கறதுக்கு நான் தின்ன மாத்திரை. அதுவும் ஆட்டு மாத்திரை" என்றேன்.

"பெரியவங்க அப்படித்தான் அடக்கமாச் சொல்லுவாங்க" என்றாள் அவள்.

என் ஆயுசில் என்னை அடக்கமானவன் என்று சொன்னது அவள் ஒருத்திதான். பிள்ளை கண்ணை மூடிக் காத்துக்கொண்டிருந்தது. நான் கையை மடக்கிக்கொண்டேன். என் மனைவி குனிந்து, தன் முந்தானையில் முடிந்திருந்த கோயில் விபூதியைப் பிள்ளைக்குப் பூசிவிட்டாள்.